அஸ்டாக்சாந்தின்: பெயரில் மஞ்சள், சினையில் சிவப்பு

வளர்ப்பு டிரவுட், சால்மன் மீன்களின் சினைக்குச் செம்மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டு வகை நிறமி இது. மீனால் இதைத் தானே உண்டாக்க முடியாது. இரையிலோ தீவனத்திலோ வந்தால்தான் உண்டு. முட்டையிலுள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் கெடாமலும் காக்கிறது.

கிரேக்கத்தில் 'அஸ்டகோஸ்' என்றால் சிங்கி இறால், 'சாந்தோஸ்' என்றால் மஞ்சள். வேதியியலாளர்கள் ரிச்சர்ட் கூனும் சோரென்சனும் 1938இல் சிங்கி இறாலிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நிறமோ சிவப்பு! சாந்தோஃபில் என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்ததால் மஞ்சள் பெயரில் ஒட்டிக்கொண்டது. உயிருள்ள சிங்கி இறாலில் இது ஒரு புரதத்தோடு பிணைந்து நீலமாக ஒளிந்திருக்கும். கொதிநீரில் போட்டால் புரதம் குலைந்து சிவப்பு வெளியே வரும்.

தமிழில் 'இறால்மஞ்சள்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மஞ்சள்தூள்தான் நினைவுக்கு வரும். வெறும் 'செந்நிறமி' என்றால் காந்தாசாந்தின் என்ற இன்னொரு நிறமியும் அதற்குள் வந்துவிடும். கட்டுரையில் 'இறால் செந்நிறமி' எனலாம். தீவனக் கலவைச் சீட்டில் மூலப்பெயரே இருக்கட்டும். அங்கே குழப்பம் வந்தால் கணக்கு பிசகும்.

அந்தக் கணக்குதான் அடிக்கடி பிசகுகிறது. கிலோ தீவனத்துக்கு 50 மி.கி. என்றால் ஒரு டன்னுக்கு 50 கிராம் தூய அஸ்டாக்சாந்தின். கையில் இருப்பது 10 சதவீதத் தூள் என்றால் 500 கிராம் போட வேண்டும். தூளையே 50 கிராம் நிறுத்துப் போட்டால் கிலோவுக்கு 5 மி.கி.தான் சேரும், சினை வெளிறியே இருக்கும்.

அளவு சரியாக இருந்தும் நிறம் ஏறாவிட்டால் சூட்டைச் சந்தேகிக்கலாம். தீவனக் குருணை பிழியும் எந்திரத்தின் வெப்பத்தில் நிறமியில் ஒரு பங்கு அழியும். குருணை ஆறிய பின் மீன் எண்ணெயில் கலந்து மேற்பூச்சாகக் கொடுப்பது நல்லது. கொழுப்போடு போனால்தான் குடலும் உறிஞ்சும். எண்ணெய் சிக்குப் பிடிக்காமலிருக்க வைட்டமின் ஈ சேர்த்து, மூட்டையை வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

காலம் தவறினாலும் வீண். மஞ்சள்கரு சேரும் மாதங்களில்தான் நிறமி முட்டைக்குள் போகிறது. முட்டை முதிர்ந்தபின் எவ்வளவு கொடுத்தாலும் சினைக்கு எட்டாது.

சினை சிவந்துவிட்டால் ஒமேகா-3 கொழுப்பு அமிலமும் கூடிவிட்டது என்று நினைப்பது தவறு. அதற்கு மீன் எண்ணெயோ நுண்பாசி எண்ணெயோ தனியாகச் சேர்க்க வேண்டும். கூடியதா என்பதைக் கொழுப்பு அமிலப் பரிசோதனைதான் சொல்லும், கண் சொல்லாது.