கம்ப்ட்ரோலர்: கட்டுப்பாட்டாளர் அல்லர், கணக்காய்வர்

2025 ஜூனில் நியூயார்க் குடிவரவு நீதிமன்றத்தில், அப்போது அந்நகரின் 'கம்ப்ட்ரோலர்' (Comptroller) பதவியில் இருந்த பிராட் லேண்டர் கைதானார். அந்தச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் அவரை 'நகர நிதிக் கட்டுப்பாட்டாளர்' என்றார். "அப்படீன்னா மேயருக்கே இவர்தான் காசு கொடுக்கணுமா?" என்று கேட்டார் என்னோடு இருந்தவர். கேட்டவர் மேல் தப்பே இல்லை.

கம்ப்ட்ரோலர் என்ற சொல்லின் கதை சின்னது. பழைய பிரெஞ்சில் எதிர்ச்சுருள் என்று பொருள்படும் சொல் இதன் வேர். மூலக் கணக்குச் சுருளுக்கு ஒரு படி வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒத்துப் பார்ப்பவரே இந்த அலுவலர். 'கண்ட்ரோல்' பிறந்ததும் இங்கேதான். அடக்கி ஆளும் பொருள் பிறகு ஏறியது. கணக்கு என்று பொருள்படும் வேறொரு பிரெஞ்சுச் சொல்லோடு குழப்பிக்கொண்டதால் நடுவில் 'ப்' நுழைந்தது. எழுத்தில் கம்ப்ட்ரோலர், வாயில் கண்ட்ரோலர். நம் மொழிபெயர்ப்பாளர்கள் வாயைக் கேட்டு அகராதியைத் திறக்கிறார்கள்.

நியூயார்க் கம்ப்ட்ரோலர் எதைக் கட்டுப்படுத்துகிறார்? வரவு செலவுத் திட்டம் போடுவது மேயர், நிறைவேற்றுவது நகர மன்றம். இவர் நகரத் துறைகளின் கணக்கைத் தணிக்கை செய்கிறார். நகரின் ஐந்து ஓய்வூதிய நிதிகளின் முதலீட்டைக் கவனிக்கிறார். நகரத்தின் மேல் இழப்பீடு கேட்டு வருவோரோடு பேசித் தீர்க்கிறார். ஒப்பந்தங்களைப் பதிவு செய்வதும் இவர்தானே, அது கட்டுப்பாடு ஆகாதா என்பார்கள். ஊழல் நடந்திருக்கலாம் என்று கருதக் காரணம் இருந்தால் இவர் மறுப்புத் தெரிவிக்கலாம். மேயர் பதில் எழுதிவிட்டு, பதிவு செய் என்று சொல்லிவிடலாம். இப்படியும் ஒரு கட்டுப்பாட்டாளரா! 1975இல் நகரம் திவாலாகும் விளிம்புக்குப் போனபோது மேயராக இருந்த ஏப் பீம், அதற்கு முன் இரண்டு முறை இந்தப் பதவியில் இருந்தவர். கணக்கு தெரிந்தவர் என்பதே அவருடைய தேர்தல் முழக்கம். பதவியின் பெயரிலேயே கட்டுப்பாடு இருந்தால் போதும் என்றால் அந்த நெருக்கடி வந்திருக்கவே கூடாது. அவருக்குப் பின் தாம்சன், லியூ, ஸ்ட்ரிங்கர், லேண்டர் என்று வரிசையாக இந்தப் படியில் நின்று மேயர் நாற்காலிக்குத் தாவிப் பார்த்தார்கள், ஒருவருக்கும் எட்டவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தணிக்கையர்' என்றால் பாதிப் பேருக்குச் சினிமாதான் நினைவுக்கு வரும். தனித்தமிழ் அன்பர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: தணிக்கை அரபியிலிருந்து வந்தது, தெலுங்கில் தனிகீ. 'கணக்காயர்' அழகான சொல்தான், ஆனால் ஆசிரியர் என்ற பொருளில் அதை நக்கீரரின் தந்தை மதுரைக் கணக்காயனார் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார். என் ஓட்டு 'மாநகரக் கணக்காய்வர்' என்பதற்கே. ஆடிட்டை இலங்கைத் தமிழர் வெகுகாலமாகக் கணக்காய்வு என்றுதான் சொல்கிறார்கள்.

ஓய்வூதிய நிதி அதில் அடங்கவில்லையே என்றால், அடங்கவில்லைதான். கலெக்டர் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் வசூலிப்பவர். நாம் 'வசூலர்' என்றா எழுதினோம்? ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்று பார்த்து 'ஆட்சியர்' என்றோம். அந்தப் பழக்கம் இப்போது எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை.