தவசிக்கீரையை மிக்ஸியில் அடிக்காதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர், பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே கரும்பச்சைச் சாறு. மூடியைத் திறந்ததும் பச்சைப் பட்டாணி உரித்த வாசனை. "மூணு வாரமா வெறும் வயித்துல குடிக்கிறேன் மேடம். உடம்பு குறையும்னு போன்ல பார்த்தேன்." நல்லவேளை, அந்த இலையையும் ஒரு கொத்து கொண்டுவந்திருந்தார். இலைகளுக்கு அடியில் கம்மல் மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் பூ. தவசிக்கீரைதான்.

ஊட்டச்சத்து ஆலோசகராக இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பதறுகிறது. 1990களின் நடுவில் தைவானில் எடை குறைய இதே இலையை வேகவைக்காமல் அரைத்துக் குடித்தார்கள். 200க்கும் மேற்பட்டவர்களுக்கு நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொண்டன. குடிப்பதை நிறுத்திய பிறகும் பலருக்கு அது சரியாகவில்லை. சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போனது. அக்காவுக்கு இருமலோ இளைப்போ இல்லை. ஆனாலும் அன்றைக்கே மூச்சுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நல்லபடியாக இருந்தது.

"அப்போ செடியைப் பிடுங்கிப் போட்டுறவா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முளைக்கிற கீரையெல்லாம் நம் கடற்கரை மணலில் பங்குனிக்கு மேல் நிற்காது, கிணற்றுத் தண்ணீரும் உவர்த்துவிடும். அந்த மாதங்களில் வீட்டுக்குக் கைகொடுப்பது ஒருமுறை வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கிற முருங்கை, அகத்தி, சுண்டை, தவசி மாதிரிச் செடிகள்தான். வெறும் மணலில் குச்சியைச் செருகினால் காய்ந்துபோகும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, கண்மாய்க் கரம்பையும் (வண்டல் மண்) மக்கிய ஆட்டுப்புழுக்கையும் போட்டு நிரப்புங்கள். முருங்கைப் போத்தை மழைக்கு முன்னால் ஊன்றலாம். தவசிக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும். அடுப்படிக்குப் பின்னால் வைத்து, அரிசி கழுவின தண்ணீரை ஊற்றுங்கள். சோப்புத் தண்ணீர் ஆகாது. அதன் கொழுந்தைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, வாரத்தில் ஒன்றிரண்டு நாள், ஆளுக்கு ஒரு கைப்பிடி சாப்பிட்டால் போதும்.

இன்னொன்று, இப்போது வீட்டுக்கு வீடு குச்சி கைமாறுகிற சாயா கீரை. மெக்சிகோவிலிருந்து வந்தது; பப்பாளி இலை சாயலில் இருக்கும். மரவள்ளியில் இருக்கிற அதே சயனைடு நஞ்சு இதன் பச்சை இலையிலும் உண்டு. எவர்சில்வர் பாத்திரத்திலோ மண்சட்டியிலோ, மூடாமல், 20 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சமையுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம். வேலியில் நிற்கிற காட்டாமணக்கும் பார்வைக்குக் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், அது விஷம். செடி தெரிந்தவர் கையிலிருந்து மட்டும் குச்சி வாங்குங்கள்.

உப்பளத்து ஓரம் பறிக்கிற உமரிக்கீரையை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்படியும் உப்பு மிச்சமிருக்கும் என்பதால் பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் எந்தக் கீரையையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது; டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

தவசிச் சாறு ஏற்கெனவே குடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள். வறட்டு இருமலோ, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவதோ இருந்தால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது, அந்த அக்கா மாதிரி, ஒரு கொத்து இலையையும் கையோடு கொண்டுபோங்கள்.