பயில்வான், மல்லர், குத்துச்சண்டை வீரர்: ஒரு சொல் விளக்கம்

“உலகப் புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர் காமா” என்னும் தொடரை இந்த ஓராண்டில் மூன்றாவது முறையாக எதிர்கொண்டேன். முதலில் ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் கேட்டேன். பிறகு ஒரு வார இதழின் துணுக்கில் கண்டேன். இப்போது சிறுவர்களுக்கான மொழிபெயர்ப்பு நூலொன்றில், அட்டைக்கு அடுத்த பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. 1878இல் அமிர்தசரஸ் பகுதியில், தலைமுறை தலைமுறையாகக் கோதாவில் இறங்கிய காஷ்மீரிக் குடும்பமொன்றில் பிறந்து, 1960இல் லாகூரில் மறைந்த குலாம் முகமது என்ற காமா, தம் புகழுக்காக எவரையும் குத்தியவர் அல்லர். பிடித்தார், தூக்கினார், மல்லாத்தினார். இந்த மூன்று வினைகளுக்கும் குத்துச்சண்டையில் இடமே இல்லை.

பிழை எங்கே நுழைந்தது என்று ஊகிப்பது கடினமன்று. மூலத்தில் ‘குஸ்தி’ என்று இருந்திருக்கும். குஸ்தியின் ஒலி குத்தை நினைவூட்ட, மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறக்காமலே கடந்திருப்பார். குஸ்தி பாரசீகச் சொல்; இடுப்பு வாரைக் குறிக்கும் சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள், ஒருவர் வாரை ஒருவர் பற்றிப் பொருதும் போர் என்பதால். குத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

காமாவின் பெயரோடு ஒட்டி வரும் ‘பஹ்லவான்’ என்பதும் பாரசீகமே. பழங்கால ஈரானை ஆண்ட பார்த்தியரைக் குறித்த ‘பஹ்லவ்’ என்னும் இனப்பெயரிலிருந்து வந்து, வீரன், பெருவீரன் என்று பொருள் விரிந்து, இந்தியாவில் மற்போர் புரிபவரின் பட்டமாக நிலைத்தது. (பல்லவர்களே பஹ்லவர் வழியினர் என்று ஒரு காலத்தில் ஆய்வாளர் சிலர் எழுதினார்கள், அந்தக் கருத்து நிற்கவில்லை.) இச்சொல்லே மராத்தியிலும் கன்னடத்திலும் பைல்வான் என்றும், தமிழில் பயில்வான் என்றும் வழங்குகிறது. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

ஆனால் இதை ஏற்காத தமிழன்பர்கள் உண்டு. பயில்வான் தூய தமிழ்ச்சொல், ‘பயில்’ என்னும் வினையடியாகப் பிறந்தது, நாள்தோறும் உடலைப் பயிற்றுபவன் பயில்வான் என்று அவர்கள் மேடைகளில் விளக்குகிறார்கள். கேட்க இனிமையாக இருப்பதும், நம் இலக்கணத்தில் ‘செய்வான்’, ‘உண்பான்’ போன்ற வடிவம் இருப்பதும் இந்த விளக்கத்துக்கு ஒரு மினுக்கைத் தந்துவிடுகின்றன. அப்படியானால் பலரைச் சொல்லும்போது ‘பயில்வார்’ என்றும், பெண்ணைச் சொல்லும்போது ‘பயில்வாள்’ என்றும் வந்திருக்க வேண்டாமா? ‘பயில்வான்கள்’ என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? ‘செய்வான்கள்’ என்று எவரும் சொல்வதில்லை. கன்னடக்காரரும் மராத்தியரும் நம் ‘பயில்’ வினையைக் கடன் வாங்கித் தங்கள் கோதாவுக்குப் பெயர் வைத்தார்கள் என்றும் வாதிட வேண்டிவரும். பயில்வான்களுக்குக் கற்றுத்தரும் ஆசானை வஸ்தாது என்கிறோமே, அது ‘உஸ்தாத்’ என்பதன் திரிபு. ஆசானின் பெயர் பாரசீகத்திலிருந்து வந்திருக்க, மாணவனின் பெயர் மட்டும் தொல்தமிழாக இருந்ததென்று சாதிப்பதால் தமிழுக்கு எந்தப் பெருமையும் கூடாது. இல்லாத வேரைக் காட்டுவதற்குச் செலவிடும் உழைப்பில், இருக்கிற வேரை மறந்துவிடுகிறோம் என்பதே என் குறை.

இருக்கிற வேர் ‘மல்’. வலிமை, வளம் என்ற பொருள்களோடு மற்போரையும் குறிக்கும் சொல். புறநானூற்றின் 80ஆம் பாட்டு, சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் பாடுகிறது. ‘மைந்துடை மல்லன்’ என்று எதிராளியின் வலிமையை முதலில் சொல்லிவிட்டு, ஒரு கால் மல்லனின் மார்பில் மடங்கி அழுத்த, மறு கால் அவன் உத்தியைத் தடுத்துப் பின்னால் வளைந்து நிற்பதைச் சாத்தந்தையார் காட்டுகிறார். கால் எங்கே இருந்தது என்று குறித்த அந்தப் புலவர், இன்றைய விளையாட்டுச் செய்தியாளர் பலரைவிடக் கூர்ந்து பார்த்திருக்கிறார். முதலாம் நரசிம்மவர்மனின் பட்டமான மாமல்லன் ஊர்ப்பெயராகவே இருக்கிறது. பேச்சிலும் மல் சாகவில்லை: பிடிவாதக்காரன் மல்லுக்கு நிற்கிறான், மாட்டோடும் கடன்காரனோடும் மல்லுக்கட்டுகிறோம். ஆகவே விளையாட்டு மற்போர். அதைப் புரிபவர் மல்லர். (‘மல்போர்’ என்று புணர்ச்சியின்றி எழுதுவதும், இடையின லகரத்தை ளகரமாக்கி ‘மள்ளர்’ என்று எழுதுவதும் பிழை, மள்ளர் வேறு சொல்.)

செய்தித்தாள்கள் விரும்பும் ‘மல்யுத்த வீரர்’ என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர் என்னும் சொல் கையருகே இருக்க யுத்தத்தை அழைப்பானேன் என்ற தூய்மை வாதம் எனக்கும் உடன்பாடே. ஆயினும் என் பெரிய மறுப்பு ‘வீரர்’ என்பதன்மேல்தான். ஓட்ட வீரர், செஸ் வீரர், கேரம் வீரர் என்று எல்லோருக்கும் ஒட்டவைத்து அச்சொல்லை வெறும் ‘ஆட்டக்காரர்’ ஆக்கிவிட்டோம். பயில்வான் ஆட்டக்காரர் மட்டும் அல்லர். எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்த கோதா மண்ணை மண்வெட்டியால் கொத்தி இளக்குவதே அவருக்குப் பயிற்சியின் ஒரு பகுதி, பாலும் நெய்யும் பாதாமும் உணவு, புலனடக்கம் நோன்பு, சமஸ்தானத்து மன்னர் புரவலர். காமாவைச் சிறுவயதிலேயே ததியா மன்னர் ஆதரித்தார். பஹ்லவான் என்ற சொல்லில் வலிமையோடு பெருந்தன்மையும் அடங்கும். 1947இல் லாகூரில் கலவரம் மூண்டபோது தம் தெருவின் இந்துக் குடும்பங்களுக்குக் காமா காவலாக நின்றதாகச் சொல்வார்கள். மல்லர் என்பதில் இந்த முழு வாழ்வும் அடங்க இடமிருக்கிறது. வீரர் என்பதில் ஒரு பதக்கப் பட்டியல்தான் அடங்குகிறது.

மூன்றாவதாகக் கண்டேன் என்றேனே, அந்தச் சிறுவர் நூலுக்குத் திரும்புகிறேன். 1888இல் ஜோத்பூரில் 400 பேருக்கு மேல் கலந்துகொண்ட, உட்கார்ந்து எழும் உடற்பயிற்சிப் போட்டியில், பத்து வயதுச் சிறுவனான காமா கடைசிப் பதினைந்து பேரில் ஒருவராக நின்று, வயதைக் கருதி வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். நூல் இதைத் ‘தோப்புக்கரணப் போட்டி’ என்கிறது! பிள்ளையார் முன் காதைப் பிடித்துக்கொண்டு போடுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இந்தியில் ‘பைட்டக்’ எனப்படும் இதற்கு நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களில் பஸ்கி என்ற பெயர் தலைமுறைகளாக இருக்கிறது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, கோதா என்று வழக்கிலுள்ள சொற்களை நூல் முழுவதிலும் தேடினேன், ஒன்றுகூட இல்லை. கோதா வரவேண்டிய இடங்களில் ‘அகாரா என்னும் ஜிம்’ இருந்தது.

இவற்றைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. அதை நல்ல மொழிபெயர்ப்பாளரும் செய்கிறார்கள். 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவும் காமாவும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பொருதும் முடிவு ஏற்படவில்லை. காரணம், ஸ்பிஸ்கோ பெரும்பகுதி நேரம் தரையில் குப்புறக் கிடந்து தம்மைப் புரட்டவிடாமல் காத்துக்கொண்டார். மறுபோட்டி நாளான 17ஆம் தேதி அவர் வரவே இல்லை. பட்டம் காமாவுக்குக் கிடைத்தது. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடம் ஆவதற்குள் காமா வென்றார். இதை மொழிபெயர்ப்பவர்கள் கைப்பழக்கமாக ‘ஸ்பிஸ்கோ மண்ணைக் கவ்வினார்’ என்று எழுதிவிடுகிறார்கள். மற்போரில் மண்ணைக் கவ்வியவன் தோற்றவன் அல்லன். முதுகு மண்ணில் பட்டால்தான் தோல்வி. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவனை ஊரே கேலி செய்கிறது. கோதாவிலோ மீசை முழுக்க மண் இருந்தாலும் முதுகு சுத்தமாக இருந்தால் போதும். லண்டனில் ஸ்பிஸ்கோ மண்ணைக் கவ்வியதால் தப்பினார், பாட்டியாலாவில் மல்லாந்ததால் தோற்றார் என்பதே சரியான செய்தி. மல்லுக்கும் மல்லாத்தலுக்கும் வேர்த்தொடர்பு காட்ட நான் முனையவில்லை. பயில்வானுக்கு வேர் காட்டியவர்களின் வழியில் நானும் போக விருப்பமில்லை. ஆனால் மற்போரின் வெற்றியைச் சொல்ல ‘மல்லாத்தினார்’ என்பதைவிடப் பொருத்தமான வினை தமிழில் இல்லை.

இனிப் பட்டம். லண்டனிலிருந்து திரும்பிய பின், ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை, ஐந்தே முக்கால் அடியை எட்டாத காமா அலகாபாத்தில் வென்றபோது ‘ருஸ்தம்-இ-ஹிந்த்’ ஆனார். ருஸ்தம் பாரசீகக் காவிய நாயகன். இதை ‘இந்திய சாம்பியன்’ என்று சுருக்கினால் காவியம் போய்விடுகிறது. ‘இந்திய பீமன்’ என்றால் வேறொரு காவியம் புகுந்துவிடுகிறது. ‘இந்தியாவின் ருஸ்தம்’ என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் ருஸ்தம் யாரென்று ஒரு வரி சொல்வதே நேர்மை. பட்டத்தைத் தமிழிலேதான் சொல்ல வேண்டும் என்பவர்களுக்கு ‘இந்திய மாமல்லர்’ இருக்கிறது.

பயில்வானை நாடு கடத்தச் சொல்லவில்லை. பெயரோடு ஒட்டிய பட்டமாக ‘காமா பயில்வான்’ என்றே எழுதலாம். பெயர் மட்டும் தனித்து வந்தால் நம் வாசகர் வாஸ்கோட காமாவை நினைத்துக்கொள்ளும் ஆபத்தும் அதனால் நீங்கும். விளக்கும்போதுதான் மல்லர் வேண்டும், ஏனெனில் பேச்சுவழக்கில் பயில்வான் என்பது பருத்த உடம்புக்காரன் என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அந்தச் சிறுவர் நூலின் முதல் வாக்கியத்தை, பதிப்பகத்துக்கு அனுப்பிய கடிதத்தில் இவ்வாறு மாற்றி எழுதியிருக்கிறேன்: “காமா பயில்வான், தம் காலத்தில் எவராலும் மல்லாத்தப்படாத பஞ்சாப் மல்லர்.” பதில் இன்னும் வரவில்லை.