அலுமினியத்தோடு பிறக்கும் சிவப்புச் சேறு

பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுக்கும் முறையைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். அதில் ஒரே வரியில் வந்துபோகும் கழிவைப் பற்றி, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) சுத்திகரிப்பில் பணிபுரியும் வேதிப்பொறியாளன் என்ற முறையில் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் பஞ்சபட்மாலி மலையில் வெட்டப்படும் பாக்சைட், டாமன்ஜோடியில் உள்ள பொதுத்துறை நிறுவனமான நால்கோவின் ஆலையில் அலுமினாவாகி, அங்குல் உருக்காலையில் உலோகமாகிறது. சேர்வராயன் மலை, கொல்லிமலைத் தாதுவைக் கொண்டு மேட்டூரிலும் இவ்வேலை 1960களில் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்தது. எங்கு நடந்தாலும் முறை ஒன்றுதான். கார்ல் பேயர் 1880களின் இறுதியில் காப்புரிமை பெற்ற முறை அது. அரைத்த தாதுவை, தாதுவின் வகைக்கேற்ப 140 முதல் 250 டிகிரி வரையிலான வெப்பத்தில், அழுத்தக் கலன்களில் காஸ்டிக் சோடாக் கரைசலுடன் சேர்க்கும்போது அலுமினியம் கரைசலுக்குள் போய்விடுகிறது. இரும்பும் டைட்டானியமும் கரையாமல் சேறாகத் தங்கிவிடுகின்றன. தெளிந்த கரைசலைக் குளிரவைத்து, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் பழைய ஹைட்ரேட் (அலுமினியம் ஹைட்ராக்சைடு) படிகங்களைச் சிறிது சேர்த்தால், பல மணி நேரத்தில் புதிய படிகங்கள் வளரும். அவற்றை ஏறத்தாழ 1,000 டிகிரியில் சுட்டால் வெண்ணிற அலுமினாத் தூள் கிடைக்கும்.

அடுத்தது 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் ஹெரௌல்ட்டும் தனித்தனியே கண்டறிந்த மின்னாற்பகுப்பு. ஏறத்தாழ 960 டிகிரியில் உருகிய கிரையோலைட் என்ற ஃபுளூரைடு சேர்மத்தில் அலுமினாவைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, உலோகத்தைப் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது. பழைய அலுமினியத்தை உருக்கி எடுப்பதற்கோ இதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றலே போதும்.

இனி அந்தச் சேறு. ஒரு டன் அலுமினாவுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் வரை சேறு மிஞ்சுவது வழக்கம். ஒரு டன் உலோகத்துக்கு ஏறத்தாழ இரண்டு டன் அலுமினா தேவை. பலமுறை கழுவினாலும் சேற்றின் காரத்தன்மை போவதில்லை. தாதுவிலுள்ள சிலிக்காவின் ஒரு பகுதி சோடாவையும் அலுமினாவையும் பிணைத்துக்கொண்டு திடப்பொருளாகி சேற்றோடு போய்விடுகிறது. அந்தச் சோடாதான் பின்னர் சிறிது சிறிதாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. தாது வாங்கும்போது நாங்கள் முதலில் சிலிக்கா அளவைப் பார்ப்பதற்கும் இதுவே காரணம். வெயில் காலத்தில், சேற்றைத் தேக்கிவைக்கும் குளத்தின் சிவந்த பரப்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு அன்று, சோடா. காற்றில் பறந்தால் கண் எரியும். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் சேறு இளகியே கிடக்கும். ஆடு மாடுகளையும் குழந்தைகளையும் ஒருபோதும் அதன்மேல் விடக்கூடாது.

ஹங்கேரியின் ஆய்கா நகருக்கு அருகே 2010 அக்டோபர் 4 அன்று இத்தகைய தேக்கத்தின் கரை உடைந்து, கொலோந்தார், தெவெச்சர் ஊர்களுக்குள் சேறு புகுந்தது. 10 பேர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பலருக்குக் காரத்தால் தோல் வெந்துபோயிருந்தது. காரப் புண் தொடக்கத்தில் அதிகம் வலிக்காமலும் இருக்கலாம் என்பதால் பலர் கழுவத் தாமதிக்கிறார்கள். அதற்குள் அது ஆழமாக இறங்கிவிடும். காஸ்டிக் திரவமோ சேறோ மேலே பட்டால் நனைந்த துணியைக் களைந்துவிட்டு, உடனே ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடங்களாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் அப்படியே கழுவிவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். எலுமிச்சைச் சாறு, வினிகர் எதையும் ஊற்றக்கூடாது.

இன்று சேற்றை அழுத்த வடிகட்டிகளில் பிழிந்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் அடுக்கி வைக்கும் வசதி இருக்கிறது. திரவமாகத் தேக்குவதைவிட இது மிகவும் பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் பகுதியில் அலுமினா ஆலைக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், சேற்றை எந்த நிலையில் சேமிப்பார்கள், குளத்தின் அடித்தளத்தில் கசிவுத் தடுப்பு விரிப்பு உண்டா, பெருமழையைத் தாங்கக் கரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் எவ்வளவு உயரம் விடுவார்கள், சுற்றுப்புறக் கிணறுகளின் பி.எச். அளவை (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவார்கள் என்ற நான்கையும் கேட்டு, விடைகளைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.