கே62.6: புண்ணுக்கு ஒரு எண்

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மாமாவுக்கு ஆசனவாயில் புண். டிஸ்சார்ஜ் சம்மரியில் கே62.6 என்று போட்டிருக்கு. இன்சூரன்ஸ் ஏஜென்ட், மூலத்துக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும் என்கிறார். இது மூலமா, இல்லையா?"

இல்லை. மூலத்துக்கு எண் கே64. முன்பு அதை ரத்தக்குழாய் நோய்களோடு ஐ84 என்று வைத்திருந்தார்கள், வீங்கிய சிரைதானே என்று. பிறகுதான் குடல் பக்கம் மாற்றினார்கள்.

இது நோய்களுக்கு எண் கொடுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வகைப்பாடு. பின்கோடு மாதிரிதான். 623526 என்றால், 623 ராமநாதபுரம் வட்டாரம், மிச்சம் ராமேசுவரம் தபாலாபீஸ். அதேபோல கே என்றால் செரிமான மண்டலம், 62 ஆசனவாய், மலக்குடலின் பிற நோய்கள், புள்ளிக்குப் பின் வரும் 6 புண்.

எனக்குப் பிடித்தது அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் விலக்குக் குறிப்பு. ஆசனவாய் வெடிப்பும் பவுத்திரமும் இங்கே வராது, கே60க்குப் போ. பெருங்குடல் அழன்று புண்ணாகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸா, கே51க்குப் போ. காரணம் தெரிந்துவிட்டாலும் எண் இடம் மாறும். பால்வினை நோயான சிபிலிஸின் முதல் புண் என்றால் ஏ51.1, ஹெர்பிஸ் வைரஸ் என்றால் ஏ60.1, குடல் காசநோய் என்றால் ஏ18.3, ஆசனவாய்ப் புற்று என்றால் சி21. ஆக, ஒரே ஆள் முதல் நாள் வெறும் ரத்தப்போக்கோடு வந்தால் கே62.5, உள்ளே பார்த்துப் புண் தெரிந்தால் கே62.6, திசுப் பரிசோதனை முடிவு வந்ததும் வேறு அத்தியாயத்துக்கே போகலாம். நோய் அன்றைக்கும் அதேதான், இன்றைக்கும் அதேதான். டாக்டருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறதோ, அவ்வளவைத்தான் எண் சொல்கிறது.

காரணம் மலச்சிக்கலாக இருந்தால் மட்டும் எண் நகராது. கெட்டிப்பட்ட மலம் அழுத்தியே சுவரைப் புண்ணாக்குவதும், முக்கி முக்கி மலக்குடலில் வரும் தனிப்புண்ணும் கே62.6க்குள்ளேயே அடங்கும். கடலுக்குப் போகிறவர்கள் படகில் வசதி இல்லையென்று தண்ணீரைக் குறைத்து, வருவதையும் அடக்கிவைப்பது இதற்குத் தோதான பழக்கம்.

பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் 'ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம் குணம்' என்று ஒட்டுகிறார்களே, அவர்களுக்கு ரத்தம் வந்தாலே மூலம்தான். உள்ளே பார்க்காமல் சூட்டைத் தணிக்க மருந்து கொடுத்து மாசக்கணக்கில் ஓட்டினால், சி21 இருந்தால்கூட யாருக்கும் தெரியாது. அரசு மருத்துவமனைகளில் இந்த எண்களைச் சரியாகப் போடப் பயிற்சி பெற்ற ஆட்களுக்குச் செலவழிப்பதும் வீண் இல்லை என்பேன். எந்த ஊரில் என்ன நோய் கூடுகிறது என்ற கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். பாலிசியில் காத்திருப்புக் காலம் உள்ள நோய்களின் பட்டியலை வாங்கிப் படியுங்கள். மூலத்தோடு வெடிப்பு, பவுத்திரத்தையும் சேர்த்திருப்பார்கள். ஆசனவாய்ப் புண்ணும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுத்தில் பதில் கேளுங்கள். மாமாவுக்குத் திசுப் பரிசோதனை எடுத்திருந்தால், முடிவு வந்தபின் சம்மரியில் எண் மாறியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு கிளெய்ம் போடுங்கள்.