மிதிக்கும்போது மட்டும் உடையும் குழாய்

ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் பல வருடம் ஓடிய காரை மதுரைக்கு வாங்கி வருபவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், ஏசியைப் போட்டுப் பார்ப்பார்கள், டயரை உதைப்பார்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவர் அபூர்வம். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் பிரேக் பைப் அங்கேதான் இருக்கிறது. எஃகுக் குழாய், வெளிவிட்டம் 4.75 மி.மீ., சுவரின் கனம் சுமார் 0.7 மி.மீ.

உள்ளே நிறைந்திருக்கும் பிரேக் ஆயிலில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போய்ச் சேரும். 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி இது. காலால் 20 கிலோ விசை கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பெடலின் நெம்புகோல் அதை நான்கு மடங்காக்கி, பூஸ்டர் மேலும் மூன்று மடங்காக்கினால் 240 கிலோ. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் 20 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பால் இதை வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 76 கிலோ. டயரில் அடிக்கும் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 35 மடங்கு.

கேட்கப் பெரிதாக இருந்தாலும் புதுக் குழாய்க்கு இது ஒரு பொருட்டே இல்லை. குழாய் அவ்வளவு குறுகல் என்பதால், சுவரில் விழும் இழுவிசை அந்த எஃகு தாங்கக்கூடியதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. வினையே இங்கேதான். சுவரில் பாதி அரித்துப் போனாலும், ஏன், முக்கால்வாசி போனாலும் பிரேக் பழையபடி பிடிக்கும். பெடலில் ஒரு மாற்றமும் தெரியாது. இன்னும் மெலிந்த பிறகும் சிம்மக்கல் நெரிசலில் மெல்ல மிதித்து ஓட்டும்வரை தாங்கிவிடும். நான்குவழிச் சாலையில் திடீரென்று மாடு குறுக்கே வந்து, முழு பலத்தோடு மிதிக்கும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். குழாய் உடைவதும் அப்போதுதான்.

அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு இறுக ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்கும். இரும்புத் துருவுக்கு அந்தக் குணம் கிடையாது. இரும்பைவிட அதிக இடம் கேட்கும். ஈரமேறிய சுவரில் சுண்ணாம்பு பொருமி உரிவதுபோல் உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பையும் ஈரத்துக்குக் காட்டிக்கொடுக்கும். துருவேறுவது ஒரு மின்வேதி வினை. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வேகம் கூடிவிடும். குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடற்கரை வண்டி உப்பைக் கூடவே கொண்டுவருகிறது.

அதிலும் மோசமான இடம், குழாயைப் பிடித்திருக்கும் கிளிப். ஐப்பசி மழைச் சேறு அதற்குள் போய் அடைந்துகொள்ளும். வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். ஆக்ஸிஜன் குறைவாகப் போகும் அந்த இடுக்கில்தான் இரும்பு அதிகம் கரையும். "வெளிய நல்லாத்தாண்ணே இருக்கும், கிளிப்பைத் தூக்குனாத்தான் தெரியும்" என்று பட்டறைத் தம்பிகள் சொல்வது இதைத்தான். கிளிப்பை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். பழுப்புக் கறை மட்டும் போனால் பிழைத்தது. செதில் செதிலாக உதிர்ந்து, நகம் இடறும் அளவுக்குக் குழி விழுந்திருந்தாலோ, துரு ஆயிலில் நனைந்து கறுத்திருந்தாலோ குழாயை மாற்றியே ஆகவேண்டும்.

எம்-சீல் வைத்து அடைப்பதும், ஒரு துண்டு ரப்பர் ஓஸைச் செருகிக் கிளாம்ப் போடுவதும் தற்கொலைக்குச் சமம். செம்பு-நிக்கல் கலவைக் குழாய் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் வாங்கலாம்; துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வெறும் செம்பு வேண்டாம், அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும். குழாய் முனையை விரித்து இரட்டையாக மடிக்கும் வேலைக்குத் தனிக் கருவி உண்டு. அதற்கு முன்பே, குழாயை இணைக்கும் நட்டை அதில் மாட்டிவிட வேண்டும். மறந்தால் வெட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மாட்டி முடித்ததும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று அமுங்கும் என்பதால், ஒரு குமிழி உள்ளே நின்றாலும் பெடல் பஞ்சுபோல் இறங்கும். ஆயிலும் புதிதாகவே இருக்கட்டும். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால், உள்ளே காற்றுக்குப் பதில் ஆவி. கடைசியாக, இன்ஜினை ஓடவிட்டு ஒருவர் பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு நட்டையும் காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும். காகிதம் நனைந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.