ஆர்க்யுமென்ட்: வாதம் இல்லை, இடுமதிப்பு

"இந்தச் செயற்கூறு நான்கு வாதங்களை ஏற்கும்." செயற்கூறு என்பது நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி (ஃபங்ஷன்). அதற்குக் கொடுக்கும் மதிப்பை ஆங்கிலத்தில் ஆர்க்யுமென்ட் என்பார்கள், அதைத்தான் வாதம் என்று தமிழாக்குகிறார்கள். நிரல் பற்றிய தமிழ்க் குறிப்புகளில் இந்த மாதிரி வாக்கியம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. படிக்கிற மாணவருக்கு வழக்காடுமன்றமும் முடக்குவாதமும் நினைவுக்கு வருமே தவிர, செயற்கூற்றுக்குள் நாம் போடும் மதிப்பு நினைவுக்கு வராது.

லத்தீனில் ஆர்குவேரே என்றால் தெளிவாக்கு, மெய்ப்பி என்று பொருள். இடைக்கால வானியலாளர்கள் ஒரு கோணத்தை வைத்துக்கொண்டு அட்டவணையில் இன்னொரு எண்ணைத் தேடுவார்கள். அந்தக் கோணத்துக்கு ஆர்க்யுமென்ட் என்று பெயர். அங்கிருந்து கணிதத்துக்கு வந்தது, அப்புறம் நிரலுக்கு. வாக்குவாதத்துக்கு இந்த வழியில் இடமே இல்லை.

வாதம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு, நிரல் எழுதப் பயன்படும் இமாக்ஸ் எடிட்டரே சாட்சி. அதில் ரீ-சர்ச்-ஃபார்வர்ட் என்ற தேடல் செயற்கூறு உண்டு. அதற்குக் கொடுக்கும் மூன்றாவது மதிப்பின் பெயர் நோஎரர், அதாவது பிழை வேண்டாம். நில் (பொய் என்பதற்கான மதிப்பு) கொடுத்தால், தேடியது கிடைக்காதபோது பிழை எழும். டி (உண்மை என்பதற்கான மதிப்பு) கொடுத்தால் பிழை எழாது, கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டும் இல்லாமல் வேறு எதையாவது கொடுத்தாலும் பிழை எழாது, ஆனால் கர்சர் தேடல் எல்லைக்கே போய்விடும். பெயரைப் பார்த்து இந்த மூன்றாவது நடத்தையை ஊகிக்கவே முடியாது. விளக்கக் குறிப்பை வரிவரியாகப் படித்தால்தான் உண்டு. இதைப் போய் "மூன்றாவது வாதம் உண்மையானால் பிழை வராது" என்று தமிழாக்கினால் என்ன ஆகும்? இமாக்ஸின் நிரல்மொழியான லிஸ்ப்பில் நில் தவிர எல்லாமே உண்மைதான், ஆகவே கர்சர் நகரும் செய்தி காணாமல் போகிறது. போதாக்குறைக்கு, யாரோ சொன்ன வாதம் மெய்யா என்று ஆராய்வது போலவும் தொனிக்கிறது.

ஆர்க்யுமென்ட்டுக்குப் பாடநூல்களில் புழங்கும் செயலுருபு என்ற சொல் இதைவிட மேல். ஆனாலும் எனக்கு ஒப்புதல் இல்லை. "கத்தியால் பழத்தை நறுக்கினான்" என்பதில் ஆல், ஐ இரண்டும் உருபுகள். எது கருவி, எது செயப்படுபொருள் என்று காட்டுவது அவற்றின் வேலை. செயற்கூற்றுக்குள் போவதோ கத்தியும் பழமும். உருபு ஏற்கும் பெயரை உருபு என்றே அழைப்பது இலக்கணம் படித்தவரைக் குழப்பும்.

தருமதிப்பு என்று சொல்லலாமா? செயற்கூறும் வேலை முடிந்ததும் ஒரு மதிப்பைத் தருகிறதே. யார் தருவது என்று தெரியாது.

வேளாண்மையில் விதை, உரம் எல்லாவற்றையும் இடுபொருள் என்கிறோம். அதே வழியில் இடுமதிப்பு என்பேன். வினைத்தொகை, சொல்லும் சின்னது, உள்ளே போவது எது என்பதில் ஐயமில்லை. செயற்கூற்றை வரையறுக்கும்போது வைக்கும் பெயருக்கு (பாராமீட்டர்) அளபுரு என்ற சொல் இருக்கிறது, அது இருக்கட்டும். அழைக்கும்போது அந்த இடத்தில் போடுவது இடுமதிப்பு. இரண்டையும் கலக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பவர்கள் இயந்திரம் கொடுத்த முதல் சொல்லை அப்படியே ஒட்டிவிட்டுப் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. நிரலை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் வாதம் என்று எழுதக் கை வராது. இமாக்ஸில் கட்டளைக்கு முன்னால் கண்ட்ரோல்-யு அழுத்தினால், எண் எதுவும் தராதபோது அந்தக் கட்டளைக்கான மதிப்பை 4 என்று எடுத்துக்கொள்ளும், இரண்டு முறை அழுத்தினால் 16. அதை "முன்னொட்டு வாதம்" என்பதைவிட, கட்டளைக்கு முன்பே இடுவதால் முன்னிடுமதிப்பு என்று எழுதலாம்.